சைக்கிளுக்கு எந்த அளவுத் தட்டு?

கிளிநொச்சிக்கு அப்பால், இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களின் ஓரத்திலே என் தங்கையின் வீடு இருக்கின்றது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். படலையைத் திறந்து உள்ளே கால் வைத்தபோது, வேப்பமரத்தடியிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, அதன் முன்னே மருமகன் குந்தியிருக்கக் கண்டேன். உயர்தர வகுப்பிலே படிக்கின்ற பிள்ளை. முழங்காலிலே பெரியதொரு கட்டு.

“என்னடா தம்பி, காலிலை என்ன காயம்?” என்றேன்.

அவன் வாய் திறக்குமுன்னரே அடுக்களை வாசலிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

“அண்ணா, நல்ல நேரத்திலைதான் வந்தியள். போன கிழமை பெரிய றோட்டிலை ஏறேக்கை மாடு குறுக்கை வந்திட்டுதாம். பிறேக் பிடிக்கேல்லையாம். இப்ப முன்னுக்கும் பின்னுக்கும் பெரிய தட்டுப் போடவேணுமெண்டு நிக்கிறான். காசைப் பற்றி நான் யோசிக்கேல்லை. அதைப் போட்டால் இனி விழமாட்டானோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

தாய்மார் கேட்கும் கேள்விகளுக்கு உடனே விடை கூறிவிடுதல் அத்துணை எளிதன்று. “சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்” என்றேன். வாசக நேயர்களே, அன்று பார்த்ததையும் சொன்னதையும் இங்கே எழுதுகின்றேன். இக்கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதன்று என்பதே அதற்குக் காரணம்.

2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருள் அருகி, பெற்றோல் நிலையங்களின் முன்னே வரிசைகள் நீண்டபோது, மூலையிலே கிடந்த சைக்கிள்களெல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. வன்னிக்கு அது புதிய அனுபவமன்று. 1990களிலே பொருளாதாரத் தடையினால் எரிபொருள் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த காலத்தில், நெல்மூட்டையும் விறகுக்கட்டும் மட்டுமன்றி நோயாளரும் சைக்கிளிலேதான் கொண்டு செல்லப்பட்டனர். எனவே சைக்கிளின் பாரமும் பிறேக்கின் அருமையும் நம்மவர்க்கு நன்கு தெரிந்தவையே. இக்கால இளைஞர் விரும்பி வாங்குவதோ ‘மவுண்டன்’ சைக்கிள். தடித்த ரயரும், சில்லின் நடுவே பளபளக்கும் உருக்குத் தட்டும் உடைய வண்டி. அந்தத் தட்டைத்தான் ‘டிஸ்க்’ என்கின்றார்கள். 160, 180, 203 என மில்லிமீற்றர்க் கணக்கிலே அதற்குப் பல விட்டங்கள் உண்டு. அவற்றுள் எதனைத் தெரிவது?

முதலிலே பழைய சைக்கிளைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். நம் பாட்டன்மார் ஓட்டிய ரலி சைக்கிளிலே பிறேக் கைப்பிடியை அழுத்தினால், இரும்புக் கம்பிகள் இழுபட்டு, றப்பர்க் கட்டைகள் இரண்டு றிம்மின் உட்புறத்தை அழுத்தும். உண்மையை நோக்கினால் அந்த றிம்மே ஒரு பெரிய பிறேக் தட்டுத்தான். அதன் விட்டம் 600 மில்லிமீற்றருக்கும் மேலானது. இன்று விற்கப்படும் மிகப் பெரிய சைக்கிள் தட்டும் அதிற் பாதிக்கு எட்டாது. பெரிய தட்டென்றால் நல்ல பிறேக் என்பது முடிந்த முடிபாயின், பாட்டனாரின் சைக்கிளை வெல்ல வேறொன்று இருத்தலாகாது. ஆயினும் கார்த்திகை மழையிலே அந்தச் சைக்கிள் படுத்திய பாட்டை அறிந்தவர் அறிவர். இரும்பு றிம் நனைந்துவிட்டால், எவ்வளவு அழுத்தினும் றப்பர் வழுக்கிக்கொண்டே போகும். சேறு அப்பிக்கொண்டால் சொல்லவே வேண்டியதில்லை. செருப்பைத் தரையிலே தேய்த்து நிறுத்தியோர் பலர்.

இக்குறையைத் தீர்க்கவே தட்டுப் பிறேக் வந்தது. மோட்டார் வண்டிக்காக இதனை 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலே லாஞ்செஸ்ரர் என்பவர் பதிவு செய்து உரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டிலே பிரான்சின் லெ மான்ஸ் ஓட்டப் பந்தயத்தில், இவ்வகைப் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றியீட்டிய பின்னரே உலகம் இதன் பெருமையை நன்கு உணர்ந்தது. சைக்கிளிலே இது பரவலானது அதற்கும் வெகுகாலம் கழித்தேயாம். இதிலே தட்டு, சேற்றுக்கும் நீருக்கும் மேலே, சில்லின் நடுவிலே இருக்கின்றது. வன்மையான கட்டைகள் இரண்டு இருபுறமும் நெருக்கி அதனைப் பிடிக்கின்றன. மழையிலே நனைந்தாலும் விரைவிலே நீரை வழித்துவிட்டுப் பற்றிக்கொள்ளும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையிலே ஊறும் நம் கிறவல் ஒழுங்கைகளுக்கு இது பெரிய உபகாரமே.

இனி, அளவின் இரகசியம். வீட்டிலே திரிகை இருந்தால் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். சுழலும் திரிகையை அதன் நடு அச்சுக்கு அருகே கையை வைத்து நிறுத்த முயலுங்கள், கை நோகும். விளிம்பிலே கையை வைத்து நிறுத்துங்கள், இலகுவாய் நின்றுவிடும். தட்டின் கதையும் அதுவே. விட்டம் பெருகப் பெருக, அதே விரல் அழுத்தத்துக்குக் கூடுதலான பிடி கிடைக்கின்றது. 160 இலிருந்து 180க்குப் போனால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடும். 180 இலிருந்து 203க்குப் போனால் மேலும் எட்டில் ஒரு பங்கு. 160 இலிருந்து நேரே 203க்குப் போனால் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆதாயம் உண்மையே. ஆயினும் கடைகளிலே சிலர் சொல்லுமாப்போல இரட்டிப்பு ஆதாயம் அன்று.

பெரிய தட்டுக்கு இரண்டாவது நன்மையும் உண்டு. அது சூடு. ஓடும் சைக்கிளை நிறுத்தும்போது அதன் வேகமெல்லாம் சூடாக மாறித் தட்டிலும் கட்டையிலும் சேர்கின்றது. தட்டு பெரிதாயின் சூட்டை ஏற்க இடமும் பெரிது. காற்றிலே அது ஆறுதலும் விரைவு. சூடு மிஞ்சினால் கட்டைகள் பிடி தளரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக்காயின், உள்ளிருக்கும் திரவம் கொதித்துக் கைப்பிடி தொய்ந்துபோதலும் கூடும்.

அப்படியாயின் நம் வன்னியிலே எவ்வளவு சூடு உண்டாகும்? இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரும் வண்டியும் சுமையும் சேர்த்து 100 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலே ஓடும் அதனை ஒருமுறை முற்றாக நிறுத்தினால் பிறக்கும் சூடு ஏறக்குறைய 1,500 ஜூல். ஒரு தம்ளர் தண்ணீரை இரண்டு பாகை சூடாக்கவும் அது போதாது. அதே 100 கிலோவை நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறக்குவோம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேலே 1,868 மீற்றர் உயரத்திலே இருக்கின்றது. அதிலே 1,000 மீற்றர் மட்டும் இறங்கினாலே 9,80,000 ஜூல் வரை வெளிப்படும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுமாயினும், மொத்தத்தைப் பார்த்தால் மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. மலைநாட்டிலே 203 மில்லிமீற்றர்த் தட்டுப் போடுவோர் பகட்டுக்காகப் போடவில்லை. வன்னியிலோ குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவே பெருஞ்சரிவு. பத்து மீற்றர் உயரமான கட்டொன்றிலிருந்து இறங்கினும் அச்சூடு 10,000 ஜூலைத் தாண்டாது. ஆகவே சூட்டுக்கு அஞ்சிப் பெரிய தட்டுப் போடவேண்டிய தேவை சமவெளியிலே இல்லை.

இங்கே எல்லோரும் மறந்துவிடும் ஒன்றைச் சொல்லவேண்டும். பிறேக் நிறுத்துவது சில்லைத்தான். சைக்கிளை நிறுத்துவது நிலம். ரயருக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள பிடி எவ்வளவோ அவ்வளவுதான் சைக்கிள் நிற்கும். அதற்குமேல் அழுத்தினால் சில்லு இறுகிச் சறுக்கும். ஏ-9 வீதியின் காய்ந்த தாரிலே அந்தப் பிடி மிகுதி. கிறவல் ஒழுங்கையிலே குறைவு. முல்லைத்தீவுக் கடற்கரையோர மணலிலே இன்னுங் குறைவு. மணலிலும் கிறவலிலும் முன்சில்லு இறுகிவிட்டால், ஹாண்டில் கையைவிட்டு ஓடும். ஆள் விழுந்த பின்னரே விழுந்தது தெரியும். தாரிலேயோ, முன்பிறேக் மிக வன்மையாய்ப் பிடித்தால் பின்சில்லு கிளம்பி ஆளை முன்னே தூக்கியெறியும். இளைஞன் ஒருவனுடைய விரலுக்கு, இறகுபோலத் தொட்டவுடன் இறுகும் 203 தட்டொன்றை முன்னாலே கொடுப்பது, பழகாதவன் கையிலே கூரிய கத்தியைக் கொடுப்பது போன்றதாகும்.

நிற்க; மருமகனின் சைக்கிளுக்கு வருவோம். எவரும் வீட்டு முற்றத்திலே செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. சைக்கிளில் ஏறாது, பக்கத்திலே நடந்தபடி அதனைத் தள்ளிக்கொண்டு போய், முன்பிறேக்கை அழுத்தவேண்டும். பிறேக் நல்லதாயின் முன்சில்லு இறுகிப் பின்சில்லு நிலத்தைவிட்டுச் சிறிது கிளம்பும். மருமகனின் சைக்கிளிலே கைப்பிடி முழுவதும் அழுந்தியும் சில்லு ‘சர்ர்’ என்று சுழன்றுகொண்டே போயிற்று. தட்டிலே வானவில் நிறத்தில் ஒரு மினுக்கம். வெள்ளைத் துணியொன்றால் துடைத்துப் பார்த்தேன். துணி கறுத்து எண்ணெய்ப் பசையாயிற்று.

“செயினுக்கு எண்ணெய் போட்டனியோ?”

“ஓம் மாமா. போன மாதம். சைக்கிளைப் படுக்கப் போட்டிட்டு, விசிறுற எண்ணெயாலை அடிச்சனான்.” சொல்லி முடிக்குமுன்னரே அவனுக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். “அதுக்குப் பிறகுதான் பிடிக்கேல்லை.”

எண்ணெய் விசிறிய காற்று தட்டிலும் படிந்து, அங்கிருந்து கட்டைகளிலே ஊறிவிட்டது. முன் ரயரையும் தடவிப் பார்த்தேன். நடுவிலே கட்டங்களெல்லாம் தேய்ந்து வழவழப்பாயிருந்தது. மாடு குறுக்கே வந்த அந்த நாளிலே அவனிடம் 203 தட்டு இருந்திருந்தாலும், எண்ணெயூறிய கட்டை அதன்மேலும் வழுக்கியே இருக்கும். அவன் பெரிய தட்டுக்காகச் சேர்த்துவைத்த காசிலே முதலிற் செய்யவேண்டியவை மூன்று: தட்டைச் சவர்க்கார நீராற் கழுவி, நல்ல நீரால் அலசிக் காயவைத்தல், எண்ணெயூறிய கட்டைகளை எறிந்துவிட்டுப் புதியவை வாங்குதல், முன் ரயரை மாற்றுதல்.

“அப்ப தட்டை மாத்தத் தேவையில்லையோ மாமா?” என்று அவன் கேட்ட குரலிலே சிறிது ஏமாற்றம் இருந்தது.

“சனிக்கிழமைகளிலே என்ன ஏற்றுகிறாய்?” என்று கேட்டேன்.

சந்தைக்கு மரக்கறிச் சாக்கு ஒன்று ஏற்றுவானாம். மாலையிலே தங்கச்சியைக் கரியரில் இருத்தி ரியூசனுக்குக் கொண்டுபோவானாம். இது வேறு கணக்கு. தனியே ஓடும் ஐம்பத்தைந்து கிலோப் பையனுக்கு இரு சில்லுக்கும் 160 தாராளம். பின்னாலே ஒரு பிள்ளையும் சாக்கும் ஏறும்போது, நிறுத்தவேண்டிய பாரம் ஏறத்தாழ இரட்டிக்கின்றது. அவ்வளவு பாரத்துக்குச் சிறிய தட்டிலே கைவிரல்கள் களைக்குமளவு அழுத்தவேண்டும். ஆகையால் முன்சில்லுக்கு மட்டும் 180 போடலாம் என்றேன். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு முன்சில்லுடையது. பின்தட்டு முன்தட்டிலும் பெரிதாயிருக்க வேண்டியதில்லை.

சுருங்கக் கூறின், சமவெளியிலே தனியே ஓடுவோர்க்கு முன்னும் பின்னும் 160. சுமையோ ஆளோ ஏற்றுவோர்க்கும், உடற்பாரம் மிகுந்தோர்க்கும் முன் 180, பின் 160. மலைநாட்டு இறக்கங்களிலே ஓடுவோர்க்கு முன் 203, பின் 180. இந்த அளவிலே நின்றுகொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

ஆயினும் தட்டை வாங்குமுன் சைக்கிளைக் கேட்கவேண்டும். முன்போர்க்கைச் செய்தவர்கள், அது எவ்வளவு பெரிய தட்டைத் தாங்கும் என்று ஓர் எல்லை வகுத்திருப்பார்கள். பிடி கூடக் கூடப் போர்க்கின் காலை முறுக்கும் விசையும் கூடும். எல்லையை மீறினால் பிறேக் நன்றாயிருக்கும், போர்க் முறியும். எல்லை இன்னதென்று தெரியாத மலிவான போர்க்காயின், உள்ள அளவோடு நிற்பதே புத்தி. அடுத்து, தட்டை மட்டும் மாற்றினாற் போதாது. கட்டைகளைத் தாங்கும் கலிப்பரையும் தட்டின் விளிம்புக்கு உயர்த்தவேண்டும். 160க்குப் பதில் 180 போட்டால் 10 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். அதற்கென்றே ‘அடாப்டர்’ என்னும் சிறு உலோகத் துண்டு விற்கின்றார்கள். மூன்றாவதாக, ஹப்பைப் பார்க்கவேண்டும். சில ஹப்புகளிலே தட்டை ஆறு ஆணிகளாற் பூட்டுவர்; வேறு சிலவற்றிலே பல்லுள்ள அச்சிலே செருகி ஒரு வளையத்தால் இறுக்குவர். ஒன்றுக்குரிய தட்டு மற்றதற்கு நேரே பொருந்தாது. ஆறு ஆணி வகையாயின், வரிசையாக ஒரே முறையில் இறுக்காது, எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்கவேண்டும். பெரிய தட்டு சிறியதிலும் எளிதில் வளையும் என்பதையும், சைக்கிளைச் சுவரிலே சாத்தும்போது நினைவிற் கொள்ளல் நன்று.

புதிய கட்டை பூட்டியவுடன் சந்தைக்கு ஓடிவிடலாகாது. கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பழகவேண்டும். வெறுமையான வீதியிலே நடுத்தர வேகத்தில் ஓடி, சில்லு இறுகாதபடி, நடக்கும் வேகம் வரை மெதுவாக்கவேண்டும். இவ்வாறு இருபது தடவை செய்தால் பிடி சீராக வரும்.

தட்டும் தேயும் பொருளே. புதிதாய் இருக்கும்போது பெரும்பாலானவை 1.8 மில்லிமீற்றர் தடிப்பானவை. 1.5க்குத் தேய்ந்துவிட்டால் மாற்றவேண்டும். எந்த அளவிலே மாற்றுவது என்பதைப் பல தட்டுகளிலே பொறித்தும் இருப்பார்கள். அளவுகோல் இல்லாத வீட்டில் இரண்டு வங்கி அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிடித்தால், அதன் தடிப்பு ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். தட்டு அதற்குமேல் மெலிந்ததாய்த் தோன்றின் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். செயினுக்கு எண்ணெய் இடும்போது துணியிலே தோய்த்துத் தடவுங்கள், விசிறவேண்டாம். சமைத்த கையோடும், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடும் தட்டைத் தொடவேண்டாம். சிறு பிள்ளைகளைச் சுழலும் தட்டுக்கு அருகே விடவே கூடாது. அதன் துளைகள் விரலை வெட்டும். நீண்ட இறக்கத்துக்குப் பின் அதன் சூடு தோலைச் சுடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன். மருமகன் புதிய கட்டையும் ரயரும் போட்டிருந்தான். போர்க்கின் எல்லை 180 என்பதைத் தேடியறிந்து, அந்த அளவிலே முன்தட்டும் பூட்டியிருந்தான். முற்றத்திலே தள்ளிப் பிறேக்கை அழுத்தியதும் பின்சில்லு மெல்ல எழுந்தது. அவன் முகமும் மலர்ந்தது.

தங்கை தேநீருடன் வந்தாள். “இப்பவாவது சொல்லுங்கோ அண்ணா. இனி விழமாட்டானோ?”

அதற்கும் விடை கூறவேண்டியிருந்தது. 20 கிலோமீற்றர் வேகத்திலே ஓடுபவன் மாட்டைக் கண்டு, திகைத்து, விரலை அழுத்துவதற்கு ஒரு விநாடி சென்றால், அதற்குள்ளேயே சைக்கிள் ஐந்தரை மீற்றர் ஓடிவிடும். அதற்குப் பின்னரே பிறேக்கின் வேலை தொடங்கும். காய்ந்த தாரிலே நல்ல பிறேக் இன்னும் மூன்று மீற்றருக்குள் நிறுத்திவிடக்கூடும். முந்திய ஐந்தரை மீற்றரை எந்தத் தட்டும் குறைக்காது. அது கண்ணுக்கும் கைக்கும் உரியது. ஆகையால் பெரிய வீதியிலே ஏறுமுன் வேகத்தைக் குறைக்கவேண்டும். சந்தியிலே விரல்கள் கைப்பிடியின்மேலே இருக்கவேண்டும். இருளிலே விளக்கு எரியவேண்டும். இவற்றைச் செய்தால் விழும் நாட்கள் குறையும். அதற்குமேல் வாக்குக் கொடுக்க என்னால் இயலாது என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “அது காணும்” என்றாள்.

மாலையிலே மருமகன் தங்கச்சியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். நாங்கள் இருவரும் படலையடியிலே நின்று பார்த்தோம். ஒழுங்கை முடிந்து தார்வீதி தொடங்கும் இடத்திலே சைக்கிள் தானாகவே மெதுவாயிற்று. அவன் ஒரு காலை நிலத்திலே ஊன்றி, இருபுறமும் பார்த்தான். அதன் பின்னரே மிதித்தான்.